மேசைக் கணினியின் உள்ளே – 11: எஸ்.எம்.பி.எஸ். போனால் எல்லாமே போய்விட்டதா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பழுது பார்க்கும் கடைகளுக்கு ஒரே மாதிரியான கணினிகள் வந்துகொண்டே இருக்கும். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கும். இல்லையென்றால், போன மின்சாரம் திரும்பி வந்த நொடியில் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டு, தீய்ந்த வாடை அடித்திருக்கும். அதன்பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவிருக்காது. “உள்ள இருக்கறது எல்லாமே போயிடுச்சா சார்?” என்று தயக்கத்தோடு கேட்பார்கள். “ஆமா, புதுசா எடுத்துடுங்க” என்று சோதித்துப் பார்க்காமலே பதில் சொல்லும் கடைகள் உண்டு. நன்றாக இருக்கும் பிராசஸரும் ராமும் பழைய சாமான் கடைக்குப் போவது அந்த ஒரு பதிலால்தான். எது போயிருக்கும், எது பிழைத்திருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

நியூட்ரல் அறுந்தால் என்ன நடக்கிறது? வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஆனால் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே இருப்பது சுமார் 400 வோல்ட். நியூட்ரல் போனதும் வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. குறைவாக மின்சாரம் எடுக்கும் வீட்டில் அழுத்தம் 300 வோல்ட்டைக்கூடத் தாண்டும். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தனக்குள் வரும் ஏசியை முதலில் டிசியாக்கி ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்குகிறது. 230 வோல்ட் வந்தால் அங்கே தேங்குவது 325 வோல்ட். 300 வோல்ட் வந்தால் 424. பெரும்பாலும் 400 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட கெபாசிட்டர் அதைத் தாங்காது. நல்ல பெட்டியில் வேரிஸ்டர் என்றொரு சிறு வட்டு இருக்கும். அழுத்தம் எகிறினால் அது தன் வழியே மின்சாரத்தைப் பாயவிட்டு ஃபியூஸைப் போக்கிவிடும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

இப்படிப் போன எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்த்து அதிகம் பதற வேண்டியதில்லை. சேதம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மருக்கு முந்திய பக்கத்தில் நடந்திருக்கிறது. அந்தப் பக்கத்தையும் மதர்போர்டுக்குப் போகும் பக்கத்தையும் நேரடியாக இணைக்கும் மின்பாதை கிடையாது. முன்பக்கம் செத்தால் பின்பக்கம் வெறுமனே நின்றுபோகும். போர்டு பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

சத்தமில்லாமல் சாகும் எஸ்.எம்.பி.எஸ்.தான் ஆபத்தானது. வாரக்கணக்கில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும், திடீரென்று உறைந்து நிற்கும், ஒரு நாள் எழாது. இங்கே கெடுவது வெளிவரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று. 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரைதான் இருக்கலாம். மீறினால், 13.4க்கும் 15.6க்கும் இடையில் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது இன்டெலின் வடிவமைப்பு வழிகாட்டி. அந்தப் பாதுகாப்பு இல்லாத பெட்டியில் ஏறும் அழுத்தம் முதலில் தாக்குவது, 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் நேரடியாக வாங்கும் பாகங்களை: ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி., யு.எஸ்.பி.யில் செருகியவை. டிடிஆர்5 ராமும் 5 வோல்ட்டை நேரடியாக வாங்குவதுதான். பிராசஸருக்குத் தேவையான ஒரு வோல்ட் சொச்சத்தை மதர்போர்டே தயாரித்துக் கொடுப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடும்.

ஆகவே முதல் கட்டளை: சந்தேகத்துக்குரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை நல்ல போர்டில் மாட்டி “ஓடுதா பார்ப்போம்” என்று சோதிக்காதீர்கள். அதைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். 24 முனை கனெக்டரில் பச்சைக் கம்பியையும் கருப்பையும் இணைத்தால் பெட்டியை மட்டும் தனியே ஓட வைக்கலாம். ஆனால் ஃபேன் சுற்றினால் பெட்டி நல்லது என்று அர்த்தமில்லை. மல்டிமீட்டரில் அளவுகளைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், சுமை ஏறும்போது அது சரிந்துவிடலாம்.

புதியதை மாட்டுவதற்கு முன், எதுவும் இணைக்காத போர்டின் 12 வோல்ட் முனைக்கும் கருப்புக் கம்பி சேரும் முனைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். விடாமல் பீப் அடித்தால் போர்டில் ஷார்ட் இருக்கிறது. இல்லையென்றால் போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம் ஆகியவற்றோடு மட்டும் ஓட்டுங்கள். எழுந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். உங்கள் கோப்புகள் இருக்கும் டிஸ்க்கைக் கடைசியில் மாட்டுங்கள்.

புதியதை வாங்கும்போது 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2004இல் தொடங்கிய அந்தத் திட்டம் அளப்பது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான். 2021இல் கிகாபைட் நிறுவனத்தின் 750, 850 வாட் மாடல்கள் இரண்டும் சுமைச் சோதனையில் வெடித்தபோது அவற்றின் மேல் கோல்டு முத்திரை இருந்தது. மிகைச்சுமையில் பெட்டி அணையும் எல்லையை 120–150 சதவீதத்திலிருந்து 110–120 சதவீதமாகக் குறைத்துவிட்டதாக அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்தது. குறிப்பிட்ட வரிசை எண்கள் கொண்டவற்றை மாற்றித் தரவும் முன்வந்தது.

இதைவிட முக்கியமாக ஒன்று. கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள மாடுலர் பெட்டி வாங்கினால், பழைய பெட்டியின் கேபிளைத் தயவுசெய்து புதியதில் செருகாதீர்கள். டிஸ்க்கில் செருகும் முனைக்கு உலகம் முழுக்க ஒரே அமைப்பு. பெட்டியில் செருகும் முனைக்கு அப்படி எந்தப் பொது விதியும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே மாறும். செருகினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். எஸ்.எம்.பி.எஸ். செத்தபோது பிழைத்துக்கொண்ட டிஸ்க் இந்த ரிப்பேரில் செத்துப்போகும். குழந்தையின் புகைப்படங்கள், கடைக் கணக்குகள், ஆராய்ச்சி ஏடு என்று இப்படி இழந்தவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை இருந்ததில்லை. பழைய பெட்டியைத் தூக்கிப் போடும்போதே அதன் கேபிள்களையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

டிஸ்க்கை மாட்டினால் கணினி எழவில்லை, கழற்றினால் எழுகிறது என்றாலும் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றின் பச்சைப் பலகையில் டி.வி.எஸ். டயோடு என்ற சிறு பாகம் உண்டு. அழுத்தம் மீறும்போது அது ஷார்ட் ஆகித் தன்னைப் பலிகொடுக்கும், தட்டுகளில் இருக்கும் தரவு அப்படியே இருக்கும். கைதேர்ந்தவர் அதை அகற்றிவிட்டு, டிஸ்க் ஓடத் தொடங்கியதும் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்துவிடலாம். அதே மாடலின் வேறொரு பலகையை மட்டும் நீங்களாக மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையில் இருக்கும் ஒரு சிப்பில் பதிவாகியிருக்கும். அந்தச் சிப்பையும் மாற்றினால்தான் படிக்கும்.

எஸ்.எஸ்.டி.யில் தரவை மீட்பது இதைவிடக் கடினம். அது ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)