நிறத்துக்குப் பெயர் சூட்டுபவர் யார்?

மாரிகால வயலைப் பற்றி மாணவர் எழுதிய கட்டுரைகளைச் சில வாரங்களுக்கு முன்னர் திருத்திக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "வயல் முழுவதும் மைலோப் பேணியின் பச்சையாய் இருந்தது" என்று எழுதியிருந்தான். மரகதம் என்றும் கிளிச்சிறை என்றும் படித்துப் பழகிய எமக்கு அது பொறுக்கவில்லை. சிவப்பு மையினால் அவ்வாக்கியத்தின் கீழ் ஒரு கோடிட்டோம். கோடிட்ட பின்னரே ஐயம் எழுந்தது. அவன் செய்த பிழைதான் யாது?

நிறங்களைக் குறிக்கத் தமிழில் உள்ள அடிப்படைச் சொற்கள் மிகச் சில. கருமை, வெண்மை, செம்மை, பசுமை, மஞ்சள், நீலம் என விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுக்கு இடையே உள்ள எண்ணிறந்த நிறங்களைச் சொல்ல வேண்டியபோது, நம் முன்னோர் கண்ணெதிரே இருந்த பொருள்களையே துணைக்கொண்டனர். கிளிப்பச்சை, மயிற்கழுத்து நிறம், கத்தரிப்பூ நிறம், வெங்காயச் சருகு நிறம், மண்ணிறம் என்பன எல்லாம் அவ்வாறு வந்தவையே. மஞ்சள் என்ற சொல்லும் ஒரு கிழங்கின் பெயரன்றோ! இங்ஙனம் நிறத்துக்குப் பெயராகும் பொருளுக்கு வேண்டிய தகுதி ஒன்றே. சொல்பவரும் கேட்பவரும் அதனைக் கண்டிருத்தல் வேண்டும்.

அத்தகுதி இன்று கடைச்சரக்குக்கும் வந்துவிட்டது. ஒரு கிளியின் பச்சை மற்றொரு கிளியின் பச்சையை முற்றாக ஒத்திருப்பதில்லை. இயந்திரத்தில் அச்சான பேணியோ எந்த ஊரில் வாங்கினும் ஒரே பச்சை. ஆகவே, வணிகர் இட்ட பெயர் நிறத்தின் பெயராவது வியப்பன்று. இவ்வழக்கம் புதியதும் அன்று. அதன் வரலாறு சுவையானது.

1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், இலண்டனில் வில்லியம் ஹென்றி பேர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். தம் வீட்டுப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குக் கிடைத்தது மருந்தன்று. கருநிறக் கசடு ஒன்றே. அதனை மதுசாரத்தில் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. பட்டை அது பற்றிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே பேர்க்கின் அதற்குக் காப்புரிமை பெற்றார். பண்டைய உரோம மன்னர் அணிந்த விலையுயர்ந்த சாயத்தை நினைவூட்டுமாறு "தைரியன் ஊதா" என்பதே முதலில் இட்ட பெயர். அப்பெயர் நிலைக்கவில்லை. துத்தி இனத்துப் பூச்செடி ஒன்றின் பிரெஞ்சுப் பெயரான "மோவ்" என்பதே நிலைத்தது. 1858 ஜனவரியில் தம் மூத்த மகளின் திருமணத்துக்கு விக்டோரியா மகாராணியார் அந்நிற உடை அணிந்து வந்ததும், அது நாகரிக உலகின் நிறமாயிற்று.

அடுத்த ஆண்டு, பிரான்சின் லியோன் நகரில் வேர்கென் என்ற இரசாயனர் செந்நீலச் சாயம் ஒன்றைக் கண்டார். அதனை விற்ற றெனார் சகோதரர் "பியூக்சின்" என்று பெயரிட்டனர். பியூசியா என்னும் மலரின் பெயர் அதில் ஒலிக்கிறது. றெனார் என்றால் பிரெஞ்சு மொழியில் நரி; நரிக்கு ஜேர்மன் மொழியில் "பூக்ஸ்". வணிகர் தம் பெயரையே சாயத்துக்குள் ஒளித்து வைத்தனர் என்பாரும் உளர். ஆயினும் அப்பெயரையும் காலம் தள்ளிவிட்டது. 1859 ஜூன் 4ஆம் திகதி, வட இத்தாலியில் மஜெந்தா என்னும் ஊரில் பிரெஞ்சுப் படை ஆஸ்திரியரை வென்றது. வெற்றியின் ஆரவாரத்தில் சாய வணிகர் அவ்வூர்ப் பெயரைத் தம் சரக்குக்குச் சூட்டினர். இன்று அப்போரை நினைப்பவர் எத்தனை பேர்? மஜெந்தா நிறத்தை அறியாத புடைவைக் கடை ஏது? வாசகர் கையிலுள்ள பத்திரிகையின் வண்ணப் படங்களுக்கும் வேண்டிய நான்கு மைகளுள் ஒன்று மஜெந்தாவே.

இவை சாயத்தின் பெயர்கள். கடையின் பெயரே நிறமான கதையும் உண்டு. 1837இல் நியூயோர்க் நகரில் தொடங்கிய ரிபனி என்னும் நகை வணிக நிறுவனம், 1845இல் வெளியிட்ட விலைப்பட்டியல் நூலிலிருந்து ஒருவகைப் பசுநீலத்தைத் தனதாக்கிக்கொண்டதாகக் கூறுகிறது. நகை வைத்துக் கொடுக்கும் பெட்டியும் அந்நிறமே. அதனை நிகர்த்த நிறத்தை அமெரிக்கர் "றொபின் முட்டை நீலம்" என வழங்கி வந்தனர். றொபின் அவர்கள் தோட்டத்துப் பறவை. இன்றோ "ரிபனி நீலம்" என்றாற்றான் பலருக்கு விளங்குகிறது. 1998இல் அந்நிறம் வர்த்தகக் குறியாகப் பதிவாயிற்று. 2001இல் நிற அளவை நிறுவனமான பன்ரோன், கடை பிறந்த ஆண்டையே பெயராக்கி "1837 நீலம்" என அதனை வரையறுத்தது. கூட்டிலிருந்த முட்டையின் பெயரைப் பெட்டி எடுத்துக்கொண்டது!

இங்கேதான் ஒரு கேள்வி பிறக்கிறது. நிறம் ஒருவருக்குச் சொந்தமாகுமோ?

சட்டம் இதற்கு அளந்தே விடை கூறுகிறது. சலவைத் தொழிலில் பயன்படும் அழுத்து மெத்தைகளின் பொன்பச்சை நிறம் பற்றி எழுந்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பொருளை ஆக்கியவர் இன்னார் என்பதை ஒரு நிறம் மக்களுக்கு உணர்த்துமாயின், அந்நிறம் மட்டுமே வர்த்தகக் குறியாகலாம். ஆனால் பொருளின் பயன்பாட்டுக்கே இன்றியமையாத நிறத்தை எவரும் தமதாக்க இயலாது. பிரித்தானியாவில் கட்பரி நிறுவனம் தன் சொக்கிலேற் உறையின் ஊதா நிறத்துக்கு 2004இல் உரிமை கோரிற்று. எதிர்த்து நின்றது யார் தெரியுமா? நம் மாணவனின் மைலோவைச் செய்யும் நெஸ்லே நிறுவனமே! விண்ணப்பத்தின் சொற்கள் போதிய திட்பமுடையன அல்ல என்று 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 2022இல் வேறு வகையாக அமைந்த விண்ணப்பங்களுக்கு உயர் நீதிமன்றம் இடங்கொடுத்தது. மஜெந்தாவும் தப்பவில்லை. ஜேர்மனியின் தொலைபேசி நிறுவனம் அதனைத் தன் குறியாகப் பதிவு செய்தது. அந்நாட்டு நிற அட்டவணையில் "ரெலிமஜெந்தா" என்றே ஒரு நிறம் இடம்பெற்றுள்ளது. போர்க்களத்தின் பெயர் சாயமாகி, சாயம் நிறமாகி, நிறம் மீண்டும் வணிகரிடம் போய்ச் சேர்ந்தது.

எனினும், இவ்வுரிமைகள் எல்லாம் குறித்த சரக்கின் எல்லைக்குள் அடங்குவன. நாவற்பழம் ஊதாவாய்ப் பழுப்பதை எந்த நீதிமன்றமும் தடுக்க இயலாது. கண்ட நிறத்தை விரும்பிய பெயரால் அழைக்கும் நாவுக்கும் விலங்கில்லை. வணிகர் பெயரைத் தருகின்றனர். அது நிலைப்பதும் நிலையாததும் பேசும் மக்களின் கையில் உள்ளது. பேர்க்கின் விரும்பிய பெயர் மறைந்ததும், றெனார் இட்ட பெயர் பின்தங்கியதும் இதற்குச் சான்று. நம் இல்லங்களில் இதற்கு மறுதலையான வழக்கையும் காணலாம். வெள்ளை வேட்டிக்கு இடும் பொருளை, அது எந்த நிறுவனத்தின் சரக்காயினும், "நீலம்" என்றே கேட்டு வாங்குகிறோம். அங்கே நிறத்தின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் நாம் இட்ட கோடு எம்மையே உறுத்தியது. சிவப்பு மையை அழித்தல் எளிதன்று. ஆகவே அதன் பக்கத்தில் "உவமை சரி" என்று எழுதினோம். ஆயினும் றொபின் முட்டையின் கதை நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒரு பெயர் வரும்போது மற்றொன்று போய்விடுதல் கூடாதன்றோ! எனவே கீழே ஒரு வினாவையும் சேர்த்தோம்: "இதே பச்சையை உன் வீட்டு வேலியில் கண்டதுண்டா?"

அடுத்த வாரம் அம்மாணவன் கொப்பிக்குள் பூவரசம் இலை ஒன்றை வைத்துக் கொண்டுவந்தான். முகம் சிறிது வாடியிருந்தது.

"சேர், பிடுங்கேக்கை பேணி மாதிரித்தான் இருந்தது. இப்ப மாறிப்போச்சு" என்றான்.

இலையின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. பேணியின் பச்சை மாறாது. இலையின் பச்சை மாறும். மாறாததற்குப் பெயர் சூட்ட வணிகர் உளர். மாறிக்கொண்டேயிருக்கும் நிறங்களுக்குப் பெயர் சொல்ல, வேலியருகே நின்று பார்க்கும் பிள்ளைகளே வேண்டும். பெற்றோர் இன்று மாலை தம் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள பச்சைகள் எத்தனை என்று கேட்டுப் பார்ப்பாராக. மைலோப் பேணியையும் அவர்கள் சொல்லட்டும். அதனோடு நிறுத்திவிடாதிருந்தால் போதும்.