பாஸான விமானம் ஏன் வானத்தில் உடைந்தது?

ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது. வளைத்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் பட்டென்று உடையும். நம் கைக்குப் பலம் கூடவில்லை, கம்பிதான் களைத்துப்போனது. இதற்குப் பெயர் உலோகச் சோர்வு. 1954-ல் இரண்டு விமானங்களை விழுத்தாட்டியது இதுதான்.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம், பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த 'காமெட்'. 1952 மே 2-ம் தேதி லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பறந்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே மே 2-ல், கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் விழுந்து 43 பேர் இறந்தார்கள். புயல்மேல் பழி போனது.

1954 ஜனவரி 10-ல் ரோமிலிருந்து புறப்பட்ட இன்னொன்று எல்பா தீவு அருகே கடலில் விழுந்தது. 35 பேர் பலி. தீப்பிடித்திருக்குமோ என்ற சந்தேகத்தில் பல மாற்றங்கள் செய்து, மார்ச் 23-ல் மறுபடி பறக்கவிட்டார்கள். பதினாறே நாளில் அடுத்தது, இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம். 21 பேர்.

காமெட்டுகள் தரையில் நின்றன. விசாரணை ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்துக்கும் அதன் தலைவர் ஆர்னால்டு ஹாலுக்கும் வந்தது. அவர்கள் செய்த சோதனையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. பறந்துகொண்டிருந்த ஒரு முழு காமெட்டைக் கொண்டுவந்து, அதன் உடலைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர்.

தண்ணீர் எதற்கு? உயரத்தில் பறக்கும்போது பயணிகள் மூச்சுவிட, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்ட வேண்டும். விமானம் பலூன் மாதிரி லேசாக உப்பும், இறங்கியதும் சுருங்கும். காற்றை வைத்தே சோதித்தால், உடையும்போது குண்டுபோல வெடித்துத் தடயமெல்லாம் சிதறிவிடும். தண்ணீர் அப்படி விரிவதில்லை. கிழிந்த இடம் கிழிந்தபடியே கிடைக்கும்.

அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, இறக்கைகளை ஜாக்கியால் ஆட்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் 'பறக்க' வைத்தார்கள். ஜூன் மாதம் உடல் கிழிந்தது. முன்பு நிஜமாகப் பறந்ததையும் சேர்த்தால் சுமார் 3,000 பயணம். விரிசல் தொடங்கிய இடம், உடலில் வெட்டிய ஒரு திறப்பின் மூலை. அங்கே கம்பெனி கணக்குப் போட்டிருந்ததைவிட மிக அதிகமான இழுவிசை.

'சதுர ஜன்னலால்தான் விழுந்தது' என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது பாதிக் கதை. ஜன்னல் மூலைகள் வளைவாகத்தான் இருந்தன. எல்பா விமானத்தில் உடைப்பு தொடங்கியது கூரையில், ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில்.

என்னை உறுத்துவது வேறொன்று. டி ஹாவிலண்ட் சோதிக்காமல் விடவில்லை. காமெட்டின் உடல் பகுதி ஒன்றைச் சுமார் 18,000 தடவை அழுத்திப் பார்த்திருந்தார்கள். தாங்கியது. ஆனால் எல்பாவில் விழுந்த விமானம் பறந்தது 1,290 தடவை. நேப்பிள்ஸ் விமானம் சுமார் 900.

எப்படி இந்த வித்தியாசம்? சோர்வுச் சோதனைக்கு எடுத்த அதே துண்டை, அதற்கு முன்பே இரு மடங்கு அழுத்தம் வரை ஏற்றி, பலம் போதுமா என்று பார்த்திருந்தார்கள். அப்போது மூலைகளில் இருந்த உலோகம் கொஞ்சம் இழுபட்டு நீண்டது. அழுத்தம் போனதும், சுற்றியிருந்த உலோகம் அந்த இடத்தை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு சாதாரண அழுத்தம் வரும்போதெல்லாம், அந்தப் பிடியைத் தாண்டித்தான் மூலையை இழுக்க முடிந்தது. விரிசல் தள்ளிப்போனது. ஒரு சோதனை, அடுத்த சோதனைக்கு ரகசியமாகப் பிட் கொடுத்துவிட்டது. பயணிகளோடு பறந்த விமானங்களுக்கு அந்தப் பிட் கிடைக்கவில்லை.

கவனக்குறைவு என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அதிகமாகச் சோதித்ததே கண்ணை மறைத்திருக்கிறது.

காமெட் திருத்தப்பட்டு 1958 அக்டோபரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. அதே மாதம் போயிங் 707-ம் களமிறங்கிச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. இன்று போயிங் 787 போன்ற புது விமானம் செய்யும்போது, பலத்தைப் பார்க்க ஒரு உடல், சோர்வைப் பார்க்க வேறொரு உடல் என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். அந்த இரண்டும் ஒரு நாளும் பறப்பதில்லை.