ஞானஸ்நானம் ஒன்று; வாசல் இரண்டா?

சாகக் கிடக்கும் கத்தோலிக்கரைத் தேடிக் குருவானவர் வீட்டுக்கு வருவார். எண்ணெய் பூசி ஜெபம் சொல்வார். பெரியவர்கள் இதை அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். இன்றைய பெயர் நோயில்பூசுதல். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் மண்ணில் இந்த எண்ணெய்க்கும் சாதி இருந்தது. மேல்சாதியார் விலகிப்போவார்கள் என்று அஞ்சி, குருக்கள் சேரிக் குடிசைக்குள் நுழையவில்லை. உயிர் ஊசலாடும் நோயாளியைத்தான் வெளியே தூக்கி வர வேண்டியிருந்தது.

பனவடலிசத்திரம் வட்டாரத்துக்கு இது தூரத்துக் கதை அல்ல. வீரமாமுனிவர் 1714-15இல் மரண தண்டனையிலிருந்து தப்பியது சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியில்தான். அவர் பணியாற்றிய மதுரை மிஷனில்தான் அந்த வழக்கமும் இருந்தது.

ஏழு அடையாளங்கள்

திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். இந்த ஏழும் கத்தோலிக்கரின் அருட்சாதனங்கள். பழைய ஜெபப் புத்தகங்களில் இவற்றுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் என்று பெயர். இவற்றின் பலன் கொடுப்பவரின் தகுதியைப் பொறுத்தது அல்ல, கிறிஸ்துவே செயல்படுகிறார் என்பது திருச்சபையின் பழைய போதனை. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால், கிறிஸ்தவர் அல்லாதவர் கொடுத்தாலும் செல்லும். அது ஆன்மாவில் அழியாத முத்திரை பதிப்பதால் இரண்டாம் முறை கொடுப்பதில்லை.

இந்தப் போதனைக்குள் சாதி நுழைய இடுக்கே இல்லை. ஆனாலும் நுழைந்தது.

ரோமாபுரியின் உத்தரவுகள்

ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்தார். பிராமண சந்நியாசிபோல் வாழ்ந்து உயர்சாதியாரை மதம் மாற்ற முயன்றார். பூணூலும் குடுமியும் இருக்கலாம் என்று 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். ஆனால் அதே ஆணையில், குலப்பெருமை பேசுவோர் எளியவரை இகழ்ந்து, கோயிலில் தனியாக நின்று அருட்சாதனம் பெற வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அனுமதியைப் பற்றிக்கொண்டவர்கள் வேண்டுகோளை விட்டுவிட்டார்கள். பிற சாதியாருக்கென்று 1640 முதல் 'பண்டாரசுவாமிகள்' என்ற தனிப் பிரிவுக் குருக்கள் வந்தார்கள். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் இவர்களில் ஒருவர்.

1703இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரிக்கு வந்தார். குருக்கள் பறையர் வீட்டுக்கே போய் நோயாளிகளுக்கு அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று 1704இல் ஆணையிட்டார். நாற்பது ஆண்டுகள் இழுபறி நடந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதி செய்தார். குருக்கள் அதற்குக் கண்ட வழி, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது. போப்பும் அதற்குச் சம்மதித்தார். எண்ணெய் சேரிக்குள் வந்தது. எண்ணெய்ச் சிமிழைப் பிடித்த கை தனியாகவே இருந்தது.

சுவர்களின் கதை

புதுச்சேரிக் கோயிலுக்குள் தலித்துகளைப் பிரித்துவைத்த சுவர் இடிக்கப்பட்டதையும் அதனால் எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நம் தெற்கே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலோ இரண்டு கால்களை விரித்ததுபோல் இரண்டு கூடங்கள் கொண்டது. வேளாளர் ஒரு கூடத்தில், நாடார் மறு கூடத்தில். பீடம் மட்டும் பொது. 1910இல் கௌசானல் என்ற குரு நடுத்தடுப்பை இடித்தார். வேளாளர் தரப்பு உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

இன்று பூசை தமிழில் நடக்கிறது. ஒரே பீடத்தில் நற்கருணை கொடுக்கப்படுகிறது. சண்டை இப்போது சவ ஊர்வலத்தில், கல்லறையில், திருவிழாத் தேரில், பங்கு நிர்வாகத்தில் நிற்கிறது. விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர், பங்கில் தங்களுக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்படுவதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியது.

திருச்சபை இதை மறைக்கவும் இல்லை. இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை அறிக்கையில் எழுதியது. தீண்டாமை உள்ளே இருப்பதையும் ஒப்புக்கொண்டது. முதல் தலித் கர்தினாலாக அந்தோணி பூலா பதவியேற்றது 2022இல்.

பதிவேட்டில் ஒரு வரி

இன்னொரு பக்கமும் அடி விழுகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்கு இன்றும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையில் அவர் ஞானஸ்நானம் பெற்றதும் அந்த வழக்கில் அவருக்கு எதிரான சான்றாக வந்தது.

இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அதே தண்ணீர் சர்க்கார் ஆபீசில் சாதியைக் கழுவிவிட்டது என்கிறார்கள். ஊர்க் கல்லறைக்குப் போனால் சாதி கழுவப்படவே இல்லை என்கிறார்கள்.

கல்லூரி மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். தலித் கத்தோலிக்கர் கேட்பது புதுமை அல்ல. முறையாகக் கேட்கும் தகுந்தவருக்குக் குரு அருட்சாதனத்தை மறுக்கக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 843ஆம் பிரிவு. இறந்த விசுவாசிக்குத் திருச்சபை முறைப்படி அடக்கம் நடக்க வேண்டும் என்கிறது 1176ஆம் பிரிவு. இரண்டிலும் சாதி என்ற சொல் இல்லை. பழைய மரபைக் காப்போம் என்று பேசுபவர்கள், 1744இல் போப் உறுதி செய்த மரபிலிருந்தே தொடங்கட்டும். அன்று குருவைக் குடிசைக்குள் போகச் சொன்னார்கள். குடிசையிலிருந்து கிளம்பும் சவப்பெட்டி எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதுதான் இன்றைய கேள்வி.