கலைக்காமல் கணக்கெடுத்தல்

வேட்டையைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பு வேட்டைக்காரர்கள் கையாண்ட தடம் பார்க்கும் நுட்பம், 2013இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் காடுகளில் இன்று விலங்குகளைக் காப்பதற்கே பயன்படுகிறது. மனித வாடை முந்திச் சென்று சேராதபடி எதிர்க்காற்றில் நடப்பது அதன் முதல் விதி. காட்டுமாட்டின் பிளவுண்ட குளம்புத் தடம் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதிது என்றும், விளிம்பு உதிர்ந்து உள்ளே சருகு விழுந்திருந்தால் பழையது என்றும் ஓரளவு கணிக்க முடிவதால், விலங்கைப் பின்தொடரும் தேவையே பல வேளைகளில் எழுவதில்லை.

பாறைச் சரிவுகளில் வாழும் வரையாடு பெரும்பாலும் கீழிருந்து வரும் ஆபத்தையே கவனிக்கும் இயல்புடையது. ஆயினும் மேலிருந்து நெருங்கி மிரட்டுவதைவிடத் தொலைநோக்கியால் எட்ட நின்று பார்ப்பதே சிறந்தது. தமிழக வனத்துறை 2024இல் நடத்திய ஒருங்கிணைந்த வரையாட்டுக் கணக்கெடுப்பில் இரட்டைப் பார்வையாளர் முறை, அதாவது இரு குழுக்கள் இடைவெளி விட்டு ஒரே பாதையில் சென்று தனித்தனியே எண்ணியவற்றை ஒப்பிட்டு, கண்ணுக்குத் தப்பியவற்றையும் மதிப்பிடும் முறை, கையாளப்பட்டு, மாநிலத்தில் 1,031 வரையாடுகள் இருப்பதாக அறியப்பட்டது.

கொடைக்கானல் சாலையோரம் மேயும் காட்டுமாட்டைப் படமெடுக்க நெருங்கும் சுற்றுலாப் பயணிகளும் விலங்கைக் கலைக்காத இந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்து, விலகி நின்று பார்த்துச் செல்ல வேண்டும்.