பூஜ்யம் வந்தால் வெற்றி

லினக்ஸில் ஒரு கட்டளை ஓடி முடியும்போது, திரையில் எதுவும் தெரியாவிட்டாலும், ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் போகிறது. அதற்கு எக்ஸிட் கோட் என்று பெயர். அடுத்த வரியிலேயே எக்கோ கட்டளையோடு $? என்று கொடுத்தால் அந்த எண்ணைப் பார்க்கலாம். உடனே பார்க்க வேண்டும். இடையில் வேறு கட்டளை ஓடினால் அதன் எண் வந்து உட்கார்ந்துவிடும்.

0 என்றால் வேலை நல்லபடியாக முடிந்தது. பூஜ்யத்தைத் தோல்வியாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் வேலை சரியாக முடிந்தால் சொல்ல வேறொன்றும் இல்லை; கெட்டால் எதனால் என்று சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் 1 முதல் 255 வரை எண்கள் இருக்கின்றன.

சில எண்களுக்கு ஷெல்லே பொருள் வைத்திருக்கிறது. 127 என்றால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் அதை இயக்க முடியவில்லை. 128-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் நிரலை வெளியிலிருந்து ஒரு சிக்னல் நிறுத்தியிருக்கும். 128-ஐக் கழித்தால் சிக்னலின் எண் கிடைக்கும். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் 130, அதாவது சிக்னல் 2. நினைவகம் தீர்ந்து கெர்னல் நிரலைக் கொன்றால் 137, அதாவது சிக்னல் 9.

மற்ற எண்களின் பொருள் நிரலுக்கு நிரல் மாறும். கிரெப் 1 என்று சொன்னால் தேடிய சொல் இல்லை என்று மட்டுமே பொருள். உண்மையான பிழைக்கு அது 2 சொல்லும். ஆகவே கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

அதிகம் ஏமாற்றுவது பைப். தரவுத்தளத்தை நகலெடுத்து, பைப் வழியாக ஜிசிப்புக்கு அனுப்பிச் சுருக்குகிறோம் என்று வையுங்கள். கடவுச்சொல் தவறாகி நகலெடுப்பு நின்றுபோனாலும், வந்த வெறுமையை ஜிசிப் ஒழுங்காகச் சுருக்கி 0 சொல்லிவிடும். பைப்பில் கடைசிக் கட்டளையின் எண்தான் செல்லும். இரவுதோறும் 'வெற்றி' என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். கோப்பைத் திறக்க வேண்டிய நாளில்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியவரும்.

பாஷில் எழுதும் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே பைப்ஃபெயில் வசதியை இயக்கிவிட்டால், வரிசையில் எந்தக் கட்டளை தோற்றாலும் அந்தத் தோல்வி வெளியே வந்துவிடும். பேக்கப் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் இன்றே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.