அம்மானையும் ஆர்க்கெஸ்ட்ராவும்: இளையராஜாவின் 'திருவாசகம்' எப்படிக் கேட்கப்பட்டது?

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையின் பின்புறம் ஆதி அண்ணாமலை வரும் இடத்தில் மாணிக்கவாசகருக்கு ஒரு சிறிய கோயில் இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டம் பெரும்பாலும் அதைத் திரும்பிப் பார்க்காமலே போய்விடும். ஆனால் மார்கழி விடியலில், பனி இறங்கி மலை பாதிதான் தெரிகிற நேரத்தில், அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். மாணிக்கவாசகரின் 'திருவாசகம்' நூலில் வரும் 'திருவெம்பாவை' பிறந்த இடம் இதுதான் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. முன்னே எழுந்த பெண்கள், தூங்குகிற தோழியை வாசலில் நின்று கேலி பேசி எழுப்பும் பாட்டு அது. இருபது பாட்டில் முதற்பகுதி ஒரு தெருவில் நடக்கிற பேச்சுதான். உள்ளே படுத்திருப்பவள் பதில் சொல்கிறாள், வெளியே நிற்பவள் மடக்குகிறாள். பாடியவர் பாண்டியனின் அமைச்சராக இருந்தவர். பாட்டு மட்டும் கிராமத்துப் பெண்களுடையது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோது, தமிழ்நாட்டில் பழைய விவாதம் ஒன்று மறுபடி தலைதூக்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் கொண்டுவந்த 'திருவாசகம்' ஆல்பத்தை முன்வைத்து நடந்த விவாதம் அது. அன்று அந்த இசையைப் பற்றிப் பேசியவர்களில் பலர், அதைத் தங்கள் கையில் இருந்த அளவுகோலால் மட்டுமே அளந்தார்கள் என்பது என் எண்ணம். அந்த ஆல்பத்துக்குப் பொருத்தமான அளவுகோல் ஆதி அண்ணாமலைத் தெருவில் இருந்தது.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். 2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் ஆல்பம் வெளியானது. கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பர் ராஜ் நிறுவிய 'தமிழ் மையம்' அதைத் தயாரித்தது. இசைத்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, நடத்தியவர் லாஸ்லோ கோவாக்ஸ். ஒலிக்கலவை அமெரிக்காவில் நடந்தது. மொத்தம் ஆறு பாடல்கள்: யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து ஆகியவற்றிலிருந்து எடுத்தவை. சிவபுராணப் பகுதியில் தமிழோடு ஆங்கில வரிகளும் வரும். அவற்றை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க இசைநாடகக் கவிஞர்.

மியூசிக் அகாடமி மேடைக்கு வந்துசேர்ந்த இளையராஜா எங்கிருந்து புறப்பட்டார் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் பேச முடியாது. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர். பதினான்கு வயதில், அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடத் தொடங்கினார். பொதுவுடைமைக் கட்சியின் பிரச்சார மேடைகள் அவை. களத்துமேட்டில் பாடுகிற மெட்டுக்குள் கூலி உயர்வையும் தேர்தலையும் வைத்துப் பாடுவார் பாவலர். கூட வாசிக்கும் தம்பிக்கு அதுதான் பள்ளிக்கூடம். 1968இல் சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதுவரை சினிமாவில் வேடிக்கைக்காக எட்டிப்பார்த்த நாட்டுப்புற மெட்டு, அந்தப் படத்தில் கதாநாயகியின் சொந்தக் குரலாக வந்து நின்றது. சாதி அடுக்கின் கீழே நிறுத்தப்பட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளை, சைவத்தின் மணிமுடி என்று போற்றப்படும் நூலைக் கையில் எடுத்துக்கொண்டு மியூசிக் அகாடமிக்குள் போனார். அதன் கனத்தை அன்றைய விமர்சனங்களில் பலவும் வெளிப்படையாகப் பேசவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

எழுந்த ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம் பெயர் பற்றியது. உறையில் 'சிம்பொனி' என்று இருந்தது. மேற்கத்திய இசை அறிந்தவர்கள், சிம்பொனி என்பது பொதுவாகப் பல பகுதிகள் கொண்ட வாத்திய இசை வடிவம், இதில் பாட்டுதானே முதன்மை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சமயப் பனுவல் ஒன்றைத் தனிக்குரலும் கோரஸும் வாத்தியக் குழுவும் சேர்ந்து, நடிப்பு இல்லாமல் இசைப்பதற்கு ஒரட்டோரியோ என்று பெயர். 'திருவாசகம்' அந்த வகையைச் சேர்ந்தது. இந்தியாவின் முதல் ஒரட்டோரியோ என்று பத்திரிகைகள் எழுதவும் செய்தன. 1993இல் இளையராஜா லண்டனில் பதிவுசெய்த சிம்பொனி வெளிவராமலே போன ஏமாற்றம் ரசிகர்களிடம் இருந்தது. அந்தச் சொல் உறையில் ஏறியதற்கு அந்தப் பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெயர் சரியில்லை என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அடுத்த வரியில் இசைக்குள் நுழைந்தார்கள்? பெயர்ப்பலகையோடு பேச்சு நின்றுபோனதுதான் வருத்தம். இதே இளையராஜா 1986இல் கர்நாடக இசையையும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையையும் சேர்த்து வைத்த ஆல்பத்துக்கு 'ஹவ் டு நேம் இட்?' என்று பெயர் வைத்தார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியையே பெயராக்கினார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே கேள்வியை மற்றவர்கள் அவரிடம் கேட்டார்கள்.

நாட்டுப்புற வேர் உள்ள கலைஞர் எல்லை தாண்டும்போது பெயரைக் கேட்டு மறிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. 2024இல் அமெரிக்கப் பாடகி பியான்சே 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தை வெளியிட்டபோது, இது 'கன்ட்ரி' இசைதானா என்பதே பெரிய பேச்சாக இருந்தது. அந்த இசையின் அடையாளமான பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளோடு அமெரிக்கா வந்த வாத்தியம். கன்ட்ரி இசைச் சங்கத்தின் அவ்வாண்டு விருதுப் பரிந்துரைகளில் அந்த ஆல்பத்துக்கு ஓர் இடமும் இல்லை. சில மாதங்களில் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது அதற்குக் கிடைத்தது.

இரண்டாவது ஆட்சேபம் சைவ அன்பர்களுடையது. ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவது வழக்கம். கோயிலில் பூசை முடிந்து ஓதுவார் வாய் திறந்ததுமே, இது திருவாசகம் என்று காது சொல்லிவிடும். அத்தனை காலப் பழக்கத்தை விட்டு இசைக்கலாமா? பனுவலை வெட்டி, வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடலாமா? நடுவே ஆங்கிலம் எதற்கு? பாதிரியார் ஒருவர் ஏன் முன்னின்று நடத்துகிறார்? இவற்றில் கடைசிக் கேள்விக்கு வரலாறு முன்பே பதில் சொல்லிவிட்டது. 1900ஆம் ஆண்டு, தம் எண்பதாவது வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி.யு. போப்பும் கிறித்தவப் பாதிரியார்தான். புனிதப் பனுவலைக் கூத்து மேடைக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வியும் நமக்கு மட்டும் உரியதல்ல. ஹேண்டலின் 'மெசையா' ஒரட்டோரியோ 1743இல் லண்டன் நாடக அரங்குக்கு வந்தபோது, வேதாகம வார்த்தைகளை நடிகர்கள் பாடுவதா என்று அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது.

ஆங்கில வரிகள் பற்றிய ஆட்சேபத்தில் மட்டும் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. சிவபுராணப் பகுதி நீண்ட இசை. அதில் தமிழ்க் குரல் தன் குறைகளைச் சொல்லி உருகி இறங்கும்போது, ஆங்கிலக் கோரஸ் அமெரிக்க இசைநாடகத்தின் அகலமான மேடையோடு வந்து நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் அழுகை நின்று அரங்கேற்றம் தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டில் பிறந்து தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பலருக்கு அந்த வரிகள் வழியாகத்தான் திருவாசகம் திறந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

விட்டுப்போன கேள்வி

திருவாசகத்தின் 51 பகுதிகளில் ஏழாவதிலிருந்து பதினாறாவது வரை புரட்டிப் பாருங்கள். திருவெம்பாவை, திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல். அடுத்தடுத்துப் பத்து பகுதிகள். பத்தும் பெண்கள் விளையாடும்போதும் வேலை செய்யும்போதும் பாடுகிற வடிவங்கள். அம்மானை என்றால் காய்களை மேலே எறிந்து பிடித்தபடி பாடுவது. ஒரு காய் கையில் விழும் நேரத்துக்குள் ஒரு அடி முடிய வேண்டும். சாழல், ஒருத்தி இடக்காகக் கேட்க மற்றவள் மடக்கிப் பதில் சொல்வது. பூவல்லி, பூக்கொய்யும் பாட்டு. ஊசல், ஊஞ்சல் பாட்டு. மாணிக்கவாசகர் தம் காலத்து நாட்டுப்புற இசையைத் தொகுத்து அதற்குள் சிவனை உட்காரவைத்திருக்கிறார். இந்தப் பத்தில் முதல் இரண்டும், திருவெம்பாவையும் திருவம்மானையும், திருவண்ணாமலையில் பாடியவை என்பது மரபு.

எளிய பாட்டு வடிவத்துக்குள் ஞானத்தை வைப்பது இந்த ஊருக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ரமண மகரிஷி, தாயார் அழகம்மாள் அப்பளம் இடக் கூப்பிட்டபோது, உளுந்தையும் பிரண்டைச் சாற்றையும் வைத்தே வேதாந்தம் சொல்லும் 'அப்பளப் பாட்டு' எழுதிக்கொடுத்தார். ரமணரின் அடியவரான முருகனார் திருவாசகத்தை அடியொற்றி ரமணர் மேல் 'சந்நிதி முறை' பாடிக்கொண்டு வந்து, உந்தியார் வரும் இடத்தில் உபதேசத்தை நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார். 1927இல் 30 பாட்டில் 'உபதேச உந்தியார்' பிறந்தது. குதித்து விளையாடும் பெண்களின் சந்தத்தில் ஞான விசாரம்! ரமணரிடம் ஆழ்ந்த பக்தி கொண்ட இளையராஜா அவர்மேல் 'ரமண மாலை' செய்தார். அதிலிருந்த 'பிச்சைப்பாத்திரம்' பாடல்தான் 2009இல் 'நான் கடவுள்' படம் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே 'திருவாசகம்' ஆல்பத்தைக் கேட்கும்போது நான் கேட்டுப்பார்க்கும் கேள்வி இது: நாட்டுப்புற மெட்டில் பிறந்த பாட்டு, நாட்டுப்புறப் பாடகன் கையில், மறுபடி மண்ணைத் தொடுகிறதா?

திருப்பொற்சுண்ணத்தில் தொடுகிறது. சுண்ணம் இடிப்பது எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே உரல், இரண்டு பெண்கள், இரண்டு உலக்கைகள். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வர வேண்டும், இல்லையென்றால் மோதிக்கொள்ளும். குத்துக்கும் குத்துக்கும் நடுவே 'உஸ்' என்று மூச்சு வெளியேறும். உரலின் கல், உலக்கையின் பூண், வளையல், மூச்சு என நான்கு சத்தங்களும் சேர்ந்துதான் தாளம். பாட்டு அதன்மேல் ஏறிக்கொள்ளும். இறைவனை நீராட்டப் பொற்சுண்ணம் இடிக்க வாருங்கள் என்று தோழியரை அழைக்கும் அந்தப் பகுதியில் துள்ளல் வருகிறது. கூட்டம் கூடிய முற்றத்தின் பரபரப்பு வருகிறது. புடாபெஸ்ட் வயலின்கள் அந்த முற்றத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை, உள்ளே வந்து வேலை செய்கின்றன. கோத்தும்பியில் வேறு மாதிரி. வண்டைத் தூது அனுப்பும் அந்தப் பாட்டில், ஒருத்தி தனியாகத் தோட்டத்தில் பேசுகிற மென்மை இருக்கிறது.

அச்சப் பத்தில் அந்த நெருக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. இசை பிரம்மாண்டமானது, மறுக்க முடியாது. ஆனால் பாம்புக்கும் அஞ்சேன் என்று ஒரு தனி மனிதன் நடுக்கத்தோடு சொல்வதைப் பெரும் கோரஸ் எடுத்துக்கொள்ளும்போது, அந்த நடுக்கம் காணாமல் போகிறது. பாவலரின் தம்பி ஒற்றைக் குரலில் பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஒலிப்பதிவு நடந்த புடாபெஸ்ட் நகரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1905, 1906 வாக்கில் இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கொடாயும் மெழுகு உருளைப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹங்கேரியின் கிராமங்களுக்குப் போய்க் குடியானவர்களைப் பாடச்சொல்லிப் பதிவுசெய்தார்கள். 1923இல், புடாவும் பெஸ்டும் ஒரே நகரமாக இணைந்ததன் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக, கொடாய் 'சால்முஸ் ஹங்காரிகுஸ்' இயற்றினார். பதினாறாம் நூற்றாண்டில் தாய்மொழியில் ஆக்கப்பட்ட வேதாகமச் சங்கீதப் பாடல் ஒன்றை எடுத்து, கோரஸுக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்கும் தனிக்குரலுக்கும் அமைத்தார். பழைய பக்திப் பனுவல், கிராமத்தில் கேட்ட மெட்டு, நகரத்து ஆர்க்கெஸ்ட்ரா மூன்றையும் அந்த ஊர் முன்பே ஒன்றாகக் கேட்டிருக்கிறது. இளையராஜாவின் தாள்களைப் பிரித்து வாசித்தவர்கள் அந்த மரபில் வளர்ந்தவர்கள். சென்னையில் நடந்த விவாதத்தில் இந்த ஒப்பீடு வந்திருந்தால், பேச்சு சிம்பொனியா இல்லையா என்பதைத் தாண்டி எங்கோ போயிருக்கும்.

ஆல்பத்தின் ஆறு பாடல்களில் திருவெம்பாவையும் இல்லை, திருவம்மானையும் இல்லை. ஆறு பாடல்களுக்குள் 51 பகுதிகளை அடக்க முடியாது, புரிகிறது. ஆனாலும் மார்கழியில் ஆதி அண்ணாமலைப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அந்த இடைவெளி காதில் விழுகிறது. வாசலில் ஒருத்தி, உள்ளே ஒருத்தி, நடுவில் சாத்திய கதவு. அந்தக் கதவைத் தட்டும் சத்தத்துக்கு இளையராஜா எந்த வாத்தியத்தை வைத்திருப்பார்?