ஓய்ந்த மனமும் மூன்று நாள் முகாமும்

எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கருகும். ஓய்வின்றி உழைப்போருக்கும் அந்நிலை உண்டு. ஆங்கிலத்தில் இதனை ‘பர்ன் அவுட்’ என்பர். நியூயார்க்கில் தம் அன்றாடப் பணி முடிந்த பின்னும் இலவச மருத்துவமனையில் இரவு நெடுநேரம் தொண்டு செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், தம்மிடமும் உடன் உழைத்தோரிடமும் இதைக் கண்டு 1974-இல் கட்டுரை எழுதினார். தீராத களைப்பு, பணியில் வெறுப்பு, ‘என்னால் ஆகாது’ என்ற எண்ணம் ஆகியவை இதன் அடையாளங்கள். இது நோயன்று, பணியிடத்து நாள்பட்ட மன அழுத்தத்தின் விளைவு என 2019-இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கிற்று.

செவிலியரான என் சித்தி, வேலையை விடலாமா என்ற குழப்பத்துடன் ஆளுமை வளர்ச்சி முகாம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே அறிவுரை குறைவு, எழுத்துவேலை அதிகமாம். கடந்த வாரத்தை மணிவாரியாக எழுதி, தெம்பு தந்தது எது, தெம்பைக் குடித்தது எது என்று குறிக்க வேண்டும். (தோழியரே, நாம் எழுதினால் கணக்குப் பாடத்தின் கதி என்னவோ!) நோயாளியின் அருகில் இருந்த நேரமெல்லாம் தெம்பே தந்தது, ஓயாத இரவுப் பணிதான் அவரை வாட்டியது. வேலையை விடும் எண்ணம் போயிற்று.

ஆனால் முகாம் இரவுப் பணியைக் குறைக்காதே! அதற்கு மேலதிகாரியிடம் இருமுறை விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது மாதத்தில் பாதி நாள் பகல் பணி. ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் தூங்குகிறார், நாங்கள் எழுப்புவதில்லை.